சிலம்பமும் வேணும், கராத்தேவும் வேணும் என்பவர்களுக்கு: மதுரையில் கலந்து பயில ஒரு வழிகாட்டி

மதுரையில் தற்காப்புக் கலை கற்க இடத்துக்குப் பஞ்சமில்லை. கராத்தே, டேக்வாண்டோ போர்டுகள் எல்லா ஏரியாவிலும் தொங்குகின்றன. பள்ளி மைதானத்திலும் மொட்டை மாடியிலும் கோயில் திடலிலும் கம்பு சுற்றுகிறார்கள். ஜிம்முக்குள் குத்துச்சண்டைப் பை தொங்குகிறது. ஒன்றை மட்டும் கற்பதென்றால் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் போதும். ஒன்றுக்கு மேல் என்றால்தான் தலைவலி. எதை முதலில் எடுப்பது, ஒரு வாத்தியாரிடம் போவதை இன்னொருவரிடம் சொல்லலாமா, வாரத்தில் எத்தனை நாள் உடம்பு தாங்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒவ்வொருவரும் தங்கள் கலையே போதும் என்பார்கள்.

நான் அலுவலகம் போகிறவள். மகள் பள்ளியில் படிக்கிறாள். இரண்டு பேருமே இதில் இறங்கி, நிறைய அலைந்து, கொஞ்சம் பணமும் விட்டபின் ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கலாம்.

1. எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

போட்டிக்குப் போக வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்றால் கலவை பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். ஒரே கலையில் நில்லுங்கள். மற்றது உடற்பயிற்சி அளவில் இருக்கட்டும். எந்தக் கலை என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஜூடோவும் டேக்வாண்டோவும் குத்துச்சண்டையும் ஒலிம்பிக்கில் இருக்கின்றன. கராத்தே 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒருமுறை வந்தது, 2024 பாரிஸில் இல்லை. சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் இருக்கிறது.

தற்காப்பு, உடல் உறுதி, பல விதமாகக் கற்கும் ஆசை, இவைதான் காரணம் என்றால் கலந்து பயிலலாம். இனி வருவதெல்லாம் உங்களுக்குத்தான்.

2. கலையின் பெயரைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள்

எதிரில் நிற்பவருக்கும் உங்களுக்கும் நடுவே ஐந்து வகைத் தூரம் உண்டு. கம்பு எட்டும் தூரம், கால் எட்டும் தூரம், கை எட்டும் தூரம், சட்டையைப் பிடிக்கும் தூரம், கடைசியாகத் தரை. ஒவ்வொரு கலையும் இதில் ஒன்றிரண்டில் கெட்டி, மற்றதில் பலவீனம். சிலம்பம் முதல் தூரத்துக்கு ராஜா. டேக்வாண்டோ காலுக்கு. குத்துச்சண்டை கைக்கு. கராத்தே காலும் கையும். ஜூடோவும் குஸ்தியும் பிடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். இரண்டு குத்துச்சண்டைக்காரர்கள் கட்டிக்கொண்டால் நடுவர் பிரித்துவிடுவார். ஜூடோவுக்கு அந்த இடம்தான் தொடக்கம்.

ஆகவே கலவை என்றால், உங்கள் முதல் கலை தொடாத தூரத்தைத் தொடும் இன்னொன்றைச் சேர்ப்பது. இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். கராத்தே போகும் பிள்ளையை டேக்வாண்டோவிலும் சேர்ப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். உடை இரண்டு, பெல்ட் இரண்டு, கட்டணம் இரண்டு, புதிதாகக் கிடைப்பது கொஞ்சம். புதியவர்களுக்கு இந்த ஜோடி வேண்டாம் என்பேன்.

எனக்குப் பிடித்த சேர்க்கை, சிலம்பம் முதலில், அப்புறம் ஜூடோவில் விழும் முறை, அதன் பிறகு குத்துச்சண்டை. கராத்தேவில் ஏற்கெனவே இருப்பவர்கள் ஜூடோவை மட்டும் சேர்த்தாலே நிறைய மாற்றம் தெரியும். உங்கள் சிலம்ப வாத்தியாருக்குக் குத்துவரிசையும் (வெறுங்கைச் சண்டை) பிடிவரிசையும் (பிடித்து மடக்குவது) தெரிந்திருந்து, அதைச் சொல்லித்தரவும் மனமிருந்தால், கையும் பிடியும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். சேரும்போதே இதைக் கேளுங்கள். பல பயிற்சிக் கூடங்களில் அலங்கார வீச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

முதல் ஆறு மாதம் ஒரே கலை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டாவது. மூன்றாவதை ஒரு வருடத்துக்கு முன் தொடாதீர்கள். அடிப்படை நிலை உடம்பில் உறைவதற்குள் இன்னொரு நிலையைக் கற்றால் இரண்டுமே அரைகுறையாகத்தான் இருக்கும்.

3. எல்லாவற்றுக்கும் முன் விழக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த ஒன்றை மட்டும் ஆறு மாத விதியிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். எந்தக் கலையில் இருந்தாலும் ஒருநாள் விழுவீர்கள். அடிபடாமல் விழும் முறையை ஜூடோவில் உகேமி என்பார்கள். குந்திய நிலையிலிருந்து பின்னால் சாய்வதில் தொடங்க வேண்டும். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் இடிக்காது. முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் இரண்டு கையும் உள்ளங்கையோடு பக்கவாட்டில் தரையை அறைய வேண்டும். கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கட்டும், தோள் உயரத்துக்குப் போகக்கூடாது. மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். விழும்போது கையை ஊன்றித் தாங்குவது நமக்கெல்லாம் பிறவிப் பழக்கம். மணிக்கட்டு முறிவதும் அதனால்தான். அதை மறக்கடிக்கத்தான் இவ்வளவு பயிற்சியும்.

பாய் போட்ட இடத்தில் மட்டும் பழகுங்கள். வீட்டு மொட்டை மாடியில் ஜமுக்காளத்தை விரித்துப் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜூடோவுக்கு மதுரையில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க வளாகத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்பதைவிட நேரில் போனால் பதில் உருப்படியாக வரும்.

4. கூடத்தைப் பார்க்கப் போகும்போது

சேருவதற்கு முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். விடமாட்டோம் என்றால் அந்த இடமே வேண்டாம்.

பார்க்க வேண்டியது வாத்தியாரின் திறமையை அல்ல, அவரிடம் இரண்டு வருடமாக இருக்கும் மாணவர்களை. அவர்கள் சீராக நிற்கிறார்களா, சின்னப் பிள்ளைகளோடு மோதும்போது பலத்தைக் குறைத்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள். உடம்பைச் சூடேற்றாமல் நேராக உதைக்க விடும் இடமா? தலையில் அடிபட்ட பையனை ஓரமாக உட்கார வைக்கிறார்களா, தண்ணீர் தெளித்து மறுபடி இறக்குகிறார்களா? முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டால் உடனே கை காட்ட வேண்டும்.

பெண்களும் பெண் பிள்ளைகளும் கேட்க வேண்டியது வேறு. பெண் பயிற்சியாளரோ மூத்த மாணவியோ இருக்கிறாரா, ஜோடிப் பயிற்சிக்குப் பெண் துணை கிடைக்குமா, உடை மாற்ற இடம் உண்டா, வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், அங்கிருந்து பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம். பிடி கற்கும் வகுப்புக்கு இதெல்லாம் கட்டாயம் கேட்க வேண்டியவை. தயங்காதீர்கள்.

பணம் கட்டும் இடத்தில் ஒரு பொறி உண்டு. வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். நாங்கள் அப்படிக் கட்டிய ஒரு வகுப்பு, சில மாதத்தில் இடத்தைக் காலி செய்து ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. மீதிப் பணத்தைக் கேட்டால், "அங்கே வந்து கத்துக்கோங்க" என்பதோடு சரி. மாதாமாதம் கட்டுங்கள். அதிகம் போனால் மூன்று மாதம். ரசீது வாங்குங்கள். ரசீது இல்லை என்றால் ஜிபே-யில் அனுப்புங்கள், அதுவே பதிவாக இருக்கும்.

மே மாத விடுமுறை முகாம்களும் இப்படித்தான். முகாமில் கற்றுத்தரும் ஆள் ஜூன் மாதத்தில் அங்கே இருப்பாரா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

5. வாத்தியாரிடம் மறைக்காதீர்கள்

இரண்டாவது கலையைத் தொடங்கும் முன் முதல் வாத்தியாரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். மறைத்தாலும் உங்கள் கால் வைப்பே காட்டிக்கொடுத்துவிடும். தவிர மதுரையில் வாத்தியார்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஏதாவது போட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் சிலம்ப வாத்தியாரிடம் நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "போய்ட்டு வாத்தா. ஆனா இங்க நின்னா நம்ம கால் வைக்கணும், அங்க நின்னா அவுக கால் வைக்கணும். ரெண்டையும் கலக்கிக்கிட்டு வந்து என் முன்னாடி நிக்காத" என்றார். கலவைப் பயிற்சி பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான அறிவுரை அதுதான். ஒரு கூடத்துக்குள் இருக்கும்வரை அந்தக் கூடத்தின் முறை மட்டும். கலப்பதற்குத் தனி நேரம் இருக்கிறது, அது எட்டாவது படியில் வருகிறது.

கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லும் மாஸ்டர்களும் உண்டு. அடுத்த பெல்ட் தேர்வு வரை இங்கே மட்டும் இருங்கள் என்று காரணத்தோடு சொன்னால் மதித்து நடக்கலாம். வேறு கலையைக் கேலி செய்து மறுத்தால், நீங்கள் வேறு இடம் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

6. ஆவணங்கள்

வகுப்பில் சேர ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் போதும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம். போட்டி என்று வந்தவுடன்தான் கோப்பு கனக்கும். பிறப்புச் சான்றிதழ், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, பதிவு எண்ணோடு மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்று, ரத்த வகை, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனில் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கடைசி நாளுக்கு முந்தைய ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் வருவதுதான் வழக்கம்.

எல்லோரும் மாட்டுவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் இல்லாமல் ஒரு பெயர், பள்ளியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுசாக. மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். போட்டி நாளன்று மேஜையில் உட்கார்ந்திருப்பவர் இதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே எந்த எழுத்துக்கூட்டல் நிலையானது என்று முடிவு செய்துவிட்டு, பள்ளிச் சான்றைப் பார்த்து மற்றதை அதற்கு இணங்கத் திருத்துங்கள். இதைப் போட்டி அறிவிப்பு வந்தபின் செய்ய நேரமிருக்காது. சேர்ந்த மாதமே செய்துவிடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் இரண்டு பொறிகள். முதலாவது, கராத்தேவிலும் டேக்வாண்டோவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன, ஒன்றின் சான்றிதழை இன்னொன்று ஏற்பதில்லை. டேக்வாண்டோவில் கறுப்புப் பட்டை வாங்குவதானால் அது தென்கொரியாவில் இருக்கும் டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோனின் பதிவு எண்ணோடு வருகிறதா என்று கேளுங்கள். மற்றவற்றுக்கு, இந்தச் சங்கத்தின் சான்று அரசு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டாவது, 'உலக சாதனை'. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திக் கம்பு சுற்ற வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, மெடலும் சான்றிதழும் கொடுப்பார்கள். பிள்ளைக்குச் சந்தோஷம், போட்டோ நன்றாக வரும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சான்றிதழைக் கொண்டு ஒதுக்கீடு கேட்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

7. செலவு

தொகைகள் இடத்துக்கு இடம் மாறும். நாங்கள் பார்த்த அளவில் கணக்குப் போட உதவும்படி எழுதுகிறேன்.

சிலம்பத்தில் மாதம் 300 முதல் 800 ரூபாய். சில வாத்தியார்கள் கட்டணம் என்று கேட்கவே மாட்டார்கள். வெற்றிலை பாக்கு, பழம், தட்சணை வைத்துத் தொடங்குவது வழக்கம். கேட்கவில்லை என்பதற்காகக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். கராத்தே, டேக்வாண்டோ மாதம் 500 முதல் 1,500 வரை. ஜிம்மோடு சேர்ந்த குத்துச்சண்டை 1,000-க்கு மேல்.

கம்பு 150 முதல் 400 ரூபாய். உங்கள் நெற்றி உயரம் இருந்தால் சரி. வாத்தியாரிடமே வாங்கித்தரச் சொல்லுங்கள். கணு சமமாக இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று நமக்குப் பார்க்கத் தெரியாது. கராத்தே உடை 700-லிருந்து. ஜூடோ உடை தடித்த துணி, இழுபடுவதற்கென்றே தைத்தது, விலை அதைவிடக் கூடுதல். கராத்தே உடையோடு ஜூடோவுக்குப் போனால் முதல் வாரமே அக்குள் கிழியும். குத்துச்சண்டைக்குக் கையுறை 1,200-லிருந்து, கையில் சுற்றும் பட்டைத்துணி 200 முதல் 300. பல்காப்பு வெந்நீரில் போட்டு, கடித்துப் பதிய வைப்பதே போதும்.

கையுறையை மட்டும் மலிவாக வாங்காதீர்கள், பிறர் உபயோகித்ததையும் வாங்காதீர்கள். உள்ளே பஞ்சு உட்கார்ந்துவிட்டால் அடி உங்கள் விரல் முட்டிக்குத்தான்.

இதற்கெல்லாம் மேலே மறைவாக இருப்பது பெல்ட் தேர்வுக் கட்டணம். மஞ்சளுக்கு ஐந்நூறு ரூபாயில் ஆரம்பித்து, மேலே போகப் போக ஆயிரங்களாகும். வருடத்துக்கு எத்தனை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, தோற்றால் மறுபடி கட்ட வேண்டுமா என்று சேரும் நாளிலேயே எழுதி வாங்குங்கள்.

போக்குவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெற்றி உயரக் கம்போடு சாயங்காலம் ஆறு மணிக்கு டவுன்பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டக்டர் திட்டுவார், ஜன்னலோரம் இருப்பவர் முறைப்பார். கூடத்தில் ஒரு கம்பு, வீட்டில் ஒரு கம்பு வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. சுருள்வாள், வாள், மான்கொம்பு போன்ற ஆயுதங்கள் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் வண்டியில் வர வேண்டாம். அவை கூடத்திலேயே வாத்தியார் பொறுப்பில் இருக்கட்டும். சோதனையில் நிற்கும் போலீஸ்காரரிடம் கலையைப் பற்றி விளக்குவது சுலபமில்லை.

8. வார அட்டவணை

வேலைக்கோ பள்ளிக்கோ போகிறவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள் போதும், ஐந்து என்பது உச்சம். முதல் வருடம் முடிந்தவர்களுக்கு இப்படி வைக்கலாம். திங்கள், புதன், வெள்ளி முதல் கலை. செவ்வாய் அல்லது வியாழன், இரண்டில் ஒருநாள் இரண்டாவது கலை. சனிக்கிழமை காலை பலப் பயிற்சியும் கலவை நேரமும். ஞாயிறு ஓய்வு, கறிக்குழம்பு, தூக்கம்.

முக்கியமான கணக்கு, கடுமையான நாள் இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது. இரண்டு வாத்தியார்களுக்கும் மற்றவர் முந்தின நாள் உங்களைப் பிழிந்தது தெரியாது. இருவரும் அவரவர் வகுப்பைக் கடுமையாகத்தான் நடத்துவார்கள். செவ்வாய்க்கிழமை குத்துச்சண்டையில் தோள் இறங்கிப் போயிருந்தால், புதன்கிழமை கம்பு சுற்றுவதை மெதுவாக வைத்துக்கொள்கிறேன் என்று நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையில் அடி விழக்கூடிய சண்டைப் பயிற்சி எல்லாக் கலையும் சேர்த்து வாரத்தில் ஒரே நாள்தான். பெல்ட் தேர்வு வரும் வாரத்தில் மற்ற கலைக்கு விடுப்பு.

சனிக்கிழமை கலவை நேரம் இருபது நிமிடம் போதும். ஒரு துணையோடு, பாதி வேகத்தில், அடிக்காமல். கம்புத் தூரத்தில் நின்று தொடங்குங்கள். துணை உள்ளே நுழைந்தால் காலால் தடுங்கள், இன்னும் நெருங்கினால் கை, சட்டையைப் பிடித்துவிட்டால் நிலைகுலைத்துத் தள்ளுங்கள், விழுகிறவர் முறையாக விழட்டும். எந்த இடத்தில் உடம்பு யோசிக்கிறது என்று பாருங்கள். ஒரு தூரத்திலிருந்து அடுத்த தூரத்துக்கு மாறும் அந்த அரை நொடிதான் கலவைப் பயிற்சியின் பாடமே. தனித்தனி வகுப்பில் இது கிடைக்காது.

பலப் பயிற்சிக்குத் தண்டால், பஸ்கி, தொங்கி ஏறுதல் போதும். மாதம் ஒருமுறை அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை தாண்டி நூபுரகங்கை வரை நடந்து ஏறி இறங்குங்கள். காலுக்கும் மூச்சுக்கும் அதைவிட நல்ல பயிற்சி பக்கத்தில் இல்லை. கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்குகள் அங்கே நம்மைவிட நன்றாகப் பிடிவரிசை பயின்றவை.

9. ஒன்றோடொன்று முட்டும் பழக்கங்கள்

கலந்து பயில்கிறவர்கள் பாதியில் விடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். முன்கூட்டியே தெரிந்தால் பயமில்லை.

கராத்தே அடிப்படையில் ஒரு கை குத்தும்போது மற்ற கை இடுப்புக்கு இழுபடும். குத்துச்சண்டையில் அந்தக் கை தாடையைக் காக்க வேண்டும். கராத்தேயிலிருந்து போனவர்கள் முதல் மாதம் முழுக்க முகத்தில் வாங்குவது இதனால்தான். கண்ணாடி முன் நில்லுங்கள். ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் குத்தாத கையின் கட்டைவிரல் கன்ன எலும்பைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் அந்தக் குத்து கணக்கில் இல்லை. குத்தை நீட்டி, திரும்ப எடுக்கும்போது அந்தக் கையும் நேராகக் கன்னத்துக்கே வர வேண்டும், கீழே ஒரு வளைவு போட்டு வரக்கூடாது. தினமும் ஐந்து நிமிடம் மெதுவாகச் செய்தால் போதும். கண்ணாடியில் வளைவு தெரிந்தால் இன்னும் மெதுவாக.

டேக்வாண்டோ போட்டி விதியில் முகத்தில் கையால் குத்தக்கூடாது. அதனால் அவர்கள் கை தானாகத் தாழ்ந்திருக்கும், உடம்பும் பக்கவாட்டாகத் திரும்பியிருக்கும். வேறு வகுப்புக்குப் போகும்போது முதல் வேலை கையை உயர்த்துவது.

சிலம்பத்தில் திரும்பிச் சுற்றும் வீச்சு அழகு. கம்பு கையில் இருக்கும்வரை முதுகைக் காட்டிச் சுழன்றாலும் யாரும் நெருங்க முடியாது. வெறுங்கையில் அதே சுழற்சியைப் போட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துவிடுவார்கள். மாறாக, சிலம்பத்தின் கால் வைப்பு, இரண்டு கையும் ஒன்றுபோல வேலை செய்வது, தூரத்தைக் கண்ணாலேயே அளப்பது, இந்த மூன்றும் எந்தக் கலைக்குப் போனாலும் கூடவே வரும். சிலம்பத்தை முதலில் வைக்கச் சொன்னதற்கு அதுதான் காரணம், விலை குறைவு என்பது அப்புறம்தான்.

10. அடிபட்டால், வெயில் வாட்டினால்

தலையில் அடிபட்டு, தலைவலி, வாந்தி, மயக்கம், நடந்தது ஞாபகமில்லை என்று எதுவாவது இருந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. பக்கத்து மருத்துவமனைக்கோ, அரசு ராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ போங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்தக் கலையிலும் சண்டைப் பயிற்சி இல்லை. ஒரு வகுப்பில் அடிபட்டுவிட்டு அதைச் சொல்லாமல் அடுத்த வகுப்பில் போய் நிற்பதுதான் கலந்து பயில்கிறவர்களுக்கே உரிய ஆபத்து. இரண்டு இடத்திலும் சொல்லுங்கள்.

கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் விட்டுச் சுளுக்கு வழிக்கக் கூட்டிப்போவார்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே. முறிந்த எலும்பை வழித்தால் நிலைமை மோசமாகும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மதுரை வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். தகரக் கூரை போட்ட கூடங்கள் சாயங்காலமும் தணியாது. அந்த மாதங்களில் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிக்கும் வகுப்பாகப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கையில் வைத்திருங்கள். தலை சுற்றினாலோ வேர்வை நின்றுபோனாலோ நிழலுக்குப் போய்த் தண்ணீரில் உடம்பை நனைக்க வேண்டும், பேச்சு குழறினால் 108-ஐ அழைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஜிகர்தண்டா குடித்தால் தெம்பு வரும் என்று என் மகள் வாதாடுவாள். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

11. எப்போது சேரலாம்

விஜயதசமியன்று பல கூடங்களில் புது மாணவர்களைச் சேர்ப்பார்கள். அக்டோபரில் வெயிலும் குறைந்திருக்கும், ஆண்டுத் தேர்வுக்கும் நாளிருக்கும். அன்று சேர்ந்தால் ஏப்ரலில் உங்கள் முதல் ஆறு மாதம் முடியும். பள்ளிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ இருந்தால் அந்த வருடம் இரண்டாவது கலையைத் தொடங்க வேண்டாம், இருக்கும் ஒன்றை வாரம் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளட்டும்.

பொங்கலை ஒட்டியும் ஊர்த் திருவிழாக்களின்போதும் சிலம்ப வாத்தியார்கள் மேலூர், அலங்காநல்லூர் பக்கமெல்லாம் கம்பு சுற்றப் போய்விடுவார்கள், வகுப்பு இருக்காது. அந்த மாதக் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள், முடிந்தால் கூடவே போய்ப் பாருங்கள், வகுப்பில் காட்டாத வீச்சையெல்லாம் அங்கேதான் காட்டுவார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் சேரலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, போய்ச் சேர்ந்தாலும் கூடம் பூட்டியிருக்கும்.